பச்சை நாபி

— இன்னும் சிவக்கல. எடுக்காதே, இரு.

— சிவந்து எவ்வளவு நேரம் ஆச்சுய்யா! கல்லு உருகி அடுப்புக்குள்ள ஓடினாத்தான் உனக்குச் சிவப்புன்னு தெரியும்போல. நகரு, இடுக்கியைக் குடு.

— நான் சொல்றேன் கேளு, சௌ யிங். அரைகுறையாச் சுட்ட மருந்துக் கல்லைக் காடியில போட்டா உள்ள பளபளப்பு அப்படியே இருக்கும். இடிச்சா மணல்தான் கிடைக்கும். தைலத்துல கரையவே கரையாது.

— எனக்கே பாடம் எடுக்கிறியா? கல்யாணம் ஆகி வந்த மறுநாள்லேருந்து இந்த அடுப்புல நாந்தான் குந்தியிருக்கேன். நீ முன்கடையில உக்காந்து அவன் கையை இழுத்துவிட்டு, இவன் காலை நீவிவிட்டு, "தாம் மாஸ்டர், தாம் மாஸ்டர்"னு பேர் வாங்கிக்கிட்டே. புகையெல்லாம் எனக்கு. தள்ளிக்கோ, தெறிக்கும்.

— மெள்ள... மெள்ள... ஆங்! கேட்டியா சத்தத்தை? காடி எப்படிப் பொங்குது பாரு.

— கண்ணு எரியுதுய்யா இந்த நெடியில.

— எரியட்டும். இந்த வீட்டுல இப்ப எரியறதெல்லாம் நல்லதுக்குத்தான்.

— ம்க்கும்.

— ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறே? நேத்து பையன் சொன்னதை நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னே? "முழங்காலுக்குக் கீழ எரியுதுப்பா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு"ன்னான். அந்த எறும்பு இருக்கே, அதுக்காகத்தான் நான் ரெண்டு வருஷமா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்காரன் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, "முதுகுத்தண்டு போச்சு, இடுப்புக்குக் கீழ இனி ஒண்ணும் தெரியாது"ன்னானே. இப்ப வரச் சொல்லு அவனை.

— கேட்டேன்யா. கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்.

— அப்புறம் என்ன? சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே? தெருவே சந்தோஷப்படுது. எதிர்க்கடை கஞ்சிக்காரன் நேத்து என்கிட்ட காசே வாங்கல. "ஆ-ஃபாய் எழுந்து நடக்கிற அன்னிக்கு மொத்தமா வாங்கிக்கிறேன் மாஸ்டர்"னு சொல்லிட்டான்.

— அவன் சொல்லுவான். அவனா நம்ம பையனைப் புரட்டிப் படுக்க வைக்கிறான்? சரி, அது கிடக்கட்டும். அந்த முறத்துல காயறது என்ன? எல்லாமே நாபிக் கிழங்கா?

— ஆமா. ஆ-சுன் மலைக்காரங்ககிட்ட நேரா வாங்கிட்டு வந்தான். என்ன கறுப்பு, என்ன கனம்! ஒண்ணு ஒண்ணும் காக்கா தலை மாதிரி.

— ஆ-சுன் வந்தானா? எனக்குத் தெரியவே இல்லையே.

— வாசல்ல மூட்டையை வச்சுட்டு அப்படியே போயிட்டான். எத்தனை தடவை கூப்பிடுறது? உள்ள வர மாட்டேங்கிறான். சிங்க ஆட்டத்துல பின்கால் ஆடினவன், முன்கால் ஆடினவன் படுத்துக் கிடக்கிறதைப் பார்க்க மாட்டேங்கிறான். நானும் இப்ப வற்புறுத்தறதில்ல.

— பாவம், அவன் என்ன பண்ணுவான். சரி, முறம் நிறைய நாபியை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே? ஒரு ஜாடிக்கு ஒரு கைப்பிடி போதாதா?

— இந்தத் தடவை மூணு மடங்கு.

— என்னது?

— மூணு மடங்கு. வேக வைக்காம, பச்சையா. போன ஜாடிக்கு ரெண்டு மடங்கு போடச் சொன்னேன். முழங்கால் வரைக்கும் முழிச்சிருச்சு. இந்தத் தடவை தொடைக்கு ஏறணும், அப்புறம் இடுப்புக்கு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அலம்பி, சீவி, சாராயத்துல கொட்டினாப் போதும்.

— உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாய்யா? அது விஷம். உன் வாத்தியாரே ஒரு கைப்பிடிக்கு மேல போட்டதில்ல.

— என் வாத்தியாருக்கு மகன் விழல. காடியை ஊத்து. வத்திப்போச்சு பாரு.

— ஊத்துறேன். நான் ஒண்ணு சொல்லணும்யா. கோபப்படாம கேட்பியா?

— நீ இப்படி ஆரம்பிச்சாலே கோபப்படற விஷயமாத்தான் இருக்கும். சொல்லு.

— குவாங்சோலேருந்து அந்த அம்மா மறுபடி போன் பண்ணுச்சு. மறுவாழ்வு ஆஸ்பத்திரி அம்மா. படுக்கை ஒண்ணு காலியாகியிருக்காம். நாளைக்குக் காலையில அவங்க வண்டி நம்ம ஃபோஷானுக்கே வருதாம், பக்கத்துத் தெருவுல ஒருத்தரை ஏத்த. நம்ம பையனையும் ஏத்திக்கிறேங்குது. ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள பதில் சொல்லணுமாம்.

— போன தடவை என்ன சொன்னேனோ அதுதான் இந்தத் தடவையும்.

— போன தடவை இடத்தை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. இந்தத் தடவையும் விட்டா இனி கூப்பிட மாட்டாங்க.

— கூப்பிடாம இருக்கட்டும். அங்க யாரை அனுப்புவாங்க தெரியுமா? முடிஞ்சு போனவங்களை. போனதும் முதல் வேலையா அடியில ரெண்டு சக்கரத்தை மாட்டி விட்டுருவான். "இதுதாம்ப்பா இனி உன் கால்"னு சொல்லிக் குடுப்பான். இங்க கால்ல உயிர் வந்துக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல அவனைக் கொண்டுபோய் அங்க போடச் சொல்றியா?

— அங்க அவனா எழுந்து உக்காரக் கத்துக் குடுப்பாங்க. அவனாக் குளிப்பான், அவனா வெளிய போய்ட்டு வருவான். அவன் வயசுப் பசங்க நிறையப் பேர் இருக்காங்களாம். வாட்ச் ரிப்பேர் சொல்லித் தர்றாங்க, கம்ப்யூட்டர்ல படம் போடச் சொல்லித் தர்றாங்க. இங்க என்ன இருக்கு அவனுக்கு? இந்தச் சுவரு, கூரை, சாயங்காலமானா நீ.

— நான் போதாதா?

— போதாதுய்யா. இருபத்தி மூணு வயசுப் பையனுக்கு அப்பா மட்டும் போதுமா?

— அவன் போகணும்னு சொன்னானா? அவன் வாயால சொன்னானா?

— சொன்னான்.

— என்கிட்ட சொல்லல.

— உன்கிட்ட எப்படிச் சொல்லுவான்? தினமும் உன் கண்ணைப் பார்த்துட்டு எப்படிச் சொல்லுவான்? இன்னிக்கு மத்தியானம் உடம்பு துடைச்சு விடறப்ப கேட்டேன். "போகலாம்மா, ஆனா அப்பா உடைஞ்சு போயிருவாரு"ன்னான். வேற ஒரு வார்த்தை பேசல. அப்புறம் "அப்பா சாப்பிட்டாராம்மா?"ன்னு கேட்டான்.

— அது எனக்காகச் சொன்னது இல்ல. அவனுக்கே தெரியுது, கால்ல உயிர் வருதுன்னு. அதான் போக மனசில்ல. நான் சொல்றேன் கேளு, என்கிட்ட வர்றவன் "வலிக்குது"ன்னா வலிக்குது, "எரியுது"ன்னா எரியுது. எத்தனை கை, எத்தனை கால் பார்த்திருக்கேன். இதுல எனக்குத் தெரியாதா?

— தெரியும்யா. எல்லாம் உனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு.

— என்ன பயம்?

— அந்த இடுக்கியைக் கீழ வை. இப்படி உக்காரு.

— கல்லு ஆறிப்போகும்.

— ஆறட்டும். உக்காருய்யா. போன வருஷம், பழைய ஜாடித் தைலத்தை நீ தேய்ச்சப்ப, அவன் கெண்டைக்கால்ல கொப்புளம் கிளம்புச்சே, ஞாபகம் இருக்கா?

— நல்ல கொப்புளம். ரத்தம் மேல வர்றதுக்கு அடையாளம்னு அப்பவே சொன்னேனே.

— சொன்னே. அது உடைஞ்சுதுன்னு நான்தான் பார்த்தேன். நீ ராத்திரி படுத்ததுக்கப்புறம் துணியை விலக்கிப் பார்ப்பேன். அவன் காலுத் தோல் வெங்காயத் தோல் மாதிரி ஆயிருச்சுய்யா. நடக்காத கால், தோல் தாங்குமா? புண்ணு மேல பச்சை நாபித் தைலம் படலாமா? நீயே சொல்லு. கடைக்கு வர்றவன் கால்ல சின்னக் கீறல் இருந்தாக்கூட "அந்தப் பக்கம் கொண்டு போகாதே, விஷம் உள்ள இறங்கி நெஞ்சை நிறுத்திரும்"னு கத்துவே. உன் பையன் கால்னா மட்டும் உன் கண்ணுக்குப் புண்ணு தெரியல.

— ...அப்பவே ஏன் சொல்லல?

— சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். "நெருப்பு வெளிய வருது, விடு"ன்னே. அந்தக் கையோட புது ஜாடிக்கு ரெண்டு மடங்கு பச்சை நாபி போடச் சொன்னே. புது வருஷம் முடிஞ்ச வாரம். நீ முன்கடையில இருந்தே, ஒரு கட்டடக்காரனுக்குத் தோள்பட்டையை ஏத்திக்கிட்டு இருந்தே. அடுப்பு என் கையில இருந்துச்சு.

— என்ன பண்ணினே?

— வேக வச்சுட்டேன்.

— எதை?

— நாபியை. மொத்தத்தையும். ஊறவச்சு, தண்ணி மாத்தி மாத்தி, அதிமதுரமும் கறுப்பு மொச்சையும் போட்டு, நாள் பூரா கொதிக்க விட்டேன். வெட்டினா நடுவுல வெள்ளையே தெரியாத அளவுக்கு. கஷாயத்துக்கு எப்படிப் பக்குவம் பண்ணுவோமோ அப்படி. அதுல நெருப்பும் இல்ல, விஷமும் இல்ல. செத்த கிழங்கு. சீவி, காயவச்சு, அதைத்தான் ஜாடியில போட்டேன்.

— பொய் சொல்றே.

— கற்பூரத்தையும் சாம்பிராணியையும் கூடத் தட்டிப் போட்டேன், வாசனை மறைக்க. உன் உள்ளங்கை காய்ச்சுப்போய் மாட்டுத்தோல் மாதிரி ஆயிருச்சு, அதுல எரிச்சல் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உன்னை ஏமாத்தினேன்யா. புள்ளையைக் காப்பாத்த ஏமாத்தினேன்.

— பொய். நீ என்னைக் குவாங்சோக்குச் சம்மதிக்க வைக்கப் பொய் சொல்றே.

— ஜாடி அங்கதானே இருக்கு? ஒரு சொட்டு எடுத்து நாக்கு நுனியில வை. பச்சைன்னா உடனே நாக்கு மரத்துப் போகணும், உதடு வரைக்கும் சுறுசுறுங்கணும். யாருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியும்.

— வைக்கிறேன். வச்சுட்டு உன்கிட்ட பேசிக்கிறேன்.

— வை.

— ...

— என்னய்யா?

— இரு. கொஞ்ச நேரம் ஆகும்.

— கொஞ்ச நேரமா? பச்சை நாபிக்கா?

— இன்னொரு சொட்டு குடு.

— எத்தனை சொட்டு வேணும்னாலும் எடுத்துக்கோ. மரத்துச்சா?

— ...சாராயம். காட்டமான சாராயம், அவ்வளவுதான்.

— இதைத்தான்யா ஏழாம் மாசம், பேய் மாசத்துல ஜாடியைத் திறந்ததுலேருந்து நீ அவன் காலுக்குத் தேய்க்கிறே. இதைத்தான் அவன் "எரியுதுப்பா"ன்னு சொல்றான். பழைய தைலத்துல கொப்புளமே கிளம்பினப்ப "ஒண்ணும் தெரியலப்பா"ன்னு சொன்னவன், இதுல எரியுதுங்கிறான். நீ அந்த நேரத்துல ஒழுங்காச் சாப்பிடாம, குவான் சாமி முன்னாடி போய்ப் போய் நின்னுக்கிட்டு இருந்தே. ஜாடியைத் திறந்த அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்தான், "லேசா எரியுதுப்பா"ன்னுட்டான். அன்னிக்கு நீ ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சே. மறுநாள் கொஞ்சம் கூடவே எரிஞ்சுது அவனுக்கு.

— சௌ யிங்.

— சொல்லு.

— பச்சை இல்லாமலே எரியுது அவனுக்கு.

— ஆமா, அதைத்தான் நான்...

— இல்ல, நான் சொல்றேன் கேளு. நெருப்பே இல்லாத தைலம். செத்த கிழங்கு. அதுவே அவனுக்கு எரியுதுன்னா? அப்ப கால் எவ்வளவு முழிச்சிருக்கணும்! வெறும் சாராயத்தை உணர்ற அளவுக்கு வந்துருச்சுடி! பிறந்த குழந்தை தோல் மாதிரி. எதைத் தொட்டாலும் எரியும். நீ நல்லதுதான் பண்ணியிருக்கே. நீ ஏமாத்தினதாலதான் எனக்கு நிச்சயமா தெரிஞ்சுது.

— அய்யோ.

— ஏன் அழுறே? சந்தோஷப்படு!

— அய்யோ, உன்னை என்ன பண்றதுய்யா? எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்திக்கிறியே. நான் எதைச் சொன்னாலும் அதையும் எடுத்து அடுப்புல போட்டு எரிச்சுக்கிறியே.

— குவாங்சோ அம்மாவுக்குப் போன் போட்டு, வேண்டாம்னு சொல்லிரு. நான் இந்தக் கல்லை இன்னொரு தடவை சுட்டுட்டு வர்றேன்.

— சொல்ல மாட்டேன். கேளு. இதை நான் சாகற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அவன்கிட்ட சத்தியம் வேற பண்ணியிருக்கேன்.

— யார்கிட்ட?

— உன் புள்ளைகிட்ட. அவன் எப்படி விழுந்தான்னு உன்கிட்ட என்ன சொன்னான்?

— சிங்கம் வாயில கவ்வறதுக்குத் தொங்க விட்ட கீரைக்கட்டு எட்டலைன்னான். உயரமான கம்பத்துலேருந்து அடுத்த கம்பத்துக்குத் தாவறப்ப எட்டிப் பிடிக்கப் பார்த்து, நிலை தவறிடுச்சுன்னான்.

— அன்னிக்குக் காலையில அவன் கணுக்கால் எப்படி இருந்துச்சு?

— சுளுக்கு. லேசா வீங்கியிருந்துச்சு. நான் தேய்ச்சு விட்டேன்.

— எதைத் தேய்ச்சே?

— சௌ யிங்...

— எதைத் தேய்ச்சே? பச்சை நாபித் தைலம். அழுத்தி அழுத்தித் தேய்ச்சே, வலி போகற வரைக்கும். "வலி தெரியாதுடா, ஏறு, ஊரே காத்துக்கிட்டு இருக்கு"ன்னே. வலி மட்டுமாய்யா போச்சு? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச உடனே என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவன் சொன்னான். "பாதத்துக்குக் கீழ கம்பத்தோட இரும்புத் தட்டு இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. மிதிச்சுட்டேன்னு நினைச்சேன்"னான். அப்புறம் உடனே, "இதை அப்பாகிட்ட சொல்லாதே. கீரைக்கட்டு எட்டலைன்னே இருக்கட்டும்"னான். முதுகு உடைஞ்சு கிடக்கிறவன் அப்ப நினைச்சது உன்னைத்தான். நான் உன் மேல பழி போடலய்யா. இந்த ஊருல ஆடற எல்லாப் பசங்களுக்கும் அப்பனுங்க தேய்க்கறதுதான். நீ வேணும்னா பண்ணினே? ஆனா அவன் அன்னியிலேருந்து உனக்காகப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கான். அதை மட்டும் புரிஞ்சுக்கோ.

— எனக்குச் சந்தேகம் இருந்துச்சு.

— என்ன?

— சந்தேகம் இருந்துச்சு. கீரைக்கட்டு எட்டாத பையன் இல்ல அவன். யார்கிட்டயும் கேட்கல. ஆ-சுன்கிட்டயும் கேட்கல. அவன் உள்ள வராததுக்கு நானும் ஒரு பக்கம் சந்தோஷப்பட்டேன்னு வச்சுக்கோயேன். வந்தா சொல்லிருவானோன்னு.

— சரி. விடு. இப்ப அழுதுக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— அழல. நான் எடுத்தேன்னா நான்தான் திருப்பிக் குடுக்கணும். என் கையால மரத்த கால், என் கையாலதான் முழிக்கணும். வேற ஒருத்தன் கையில அவனைத் தர்றதுக்கு எனக்கு உரிமை இல்ல.

— உரிமையா! உன் பாவத்தைக் கழுவறதுக்கு அவன் காலை வச்சுக்கிட்டு இருக்கியா?

— அப்படியே வச்சுக்கோ. நாளைக்கு வண்டியில ஏத்த மாட்டேன். முடிஞ்சுது. கேட்டியா, பையன் உள்ளேருந்து மணி அடிக்கிறான். நேரமாச்சு. அந்தப் பாட்டிலை நிரப்பிக் குடு.

— எதை நிரப்பறது? செத்த தைலத்தையா?

— அதேதான். அதுவே எரியுதே அவனுக்கு. நிரப்பி, மூடியை இறுக்கமாப் போடு, போன தடவை வழிஞ்சுது. நீயும் வா. வந்து உன் காதால கேளு.

— வர்றேன். வராம எங்க போறது.

— ஆ-ஃபாய்! என்னடா, ரொம்ப நேரமா மணி அடிக்கிறியா?

— ரெண்டு தடவைதான்ப்பா. என்ன, கொல்லையில ரெண்டு பேரும் சிங்க ஆட்டமா? மத்தளம் மட்டும்தான் கேட்டுச்சு, பாட்டு புரியல.

— உங்கம்மா கல்லைச் சுடத் தெரியாம சுட்டா, அதான் கொஞ்சம் சத்தம் போட்டேன்.

— அம்மாவுக்கா சுடத் தெரியாது? நம்பிட்டேன். ஏம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?

— காடி நெடிடா. ஒண்ணுமில்ல. இரு, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன், அப்பா அந்தப் பக்கம் பிடிப்பாரு. குப்புறத் திருப்பிரலாம்.

— ஒண்ணு, ரெண்டு... ஹா! எப்பா, உங்களுக்கு வயசாகுதுப்பா. மூச்சு வாங்குது.

— வாங்கட்டும். கை ரெண்டையும் தலைக்குக் கீழ வச்சுக்கோ. தலையணை சரியா இருக்கா?

— இருக்கு. எதிர்க்கடையில இஞ்சிப் பூண்டு வாசனை வருதே. ராத்திரிக்கு நமக்கு என்னம்மா?

— கருவாடு போட்டுச் சோறு வேக வச்சிருக்கேன்.

— அப்பா சாப்பிட்டாரா மத்தியானம்?

— சாப்பிட்டாரு.

— நல்லா?

— நல்லாத்தான்.

— அப்பா, என்ன பேசவே மாட்டேங்கிறீங்க? கையைத் தேய்ச்சு சூடு பண்றது மட்டும் கேட்குது. அம்மாகூடச் சண்டையா நிஜமாவே?

— இல்லடா. யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

— என்ன யோசனை?

— அந்தக் கம்பத்துக்கு மேல நீ நின்னதை. சிங்கத் தலையை ஆட்டி, கண்ணு இமை ரெண்டையும் மூடித் திறந்தியே. சிங்கம் நிஜமாத் தூங்கி முழிச்ச மாதிரி. கூட்டம் அப்படியே அடங்கிப்போச்சு. அப்ப நான் பக்கத்துல இருந்தவன்கிட்ட "என் பையன்"னு சொன்னேன். அவனுக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

— நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சுப்பா.

— அவ்வளவு உயரத்துலயா? புளுகாதே.

— நிஜமா. உங்க குரல் எனக்குத் தெரியாதா? ஸ்... ஆங். வந்துருச்சு.

— என்னடா?

— எரியுதுப்பா. இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு. முழங்காலைத் தாண்டி ஏறுது.

— ...

— ஆமாப்பா, தொடைகிட்ட. எறும்பு மாதிரி. நேத்தைக்கு விட நல்லாவே தெரியுது.

— ...

— அம்மா, பார்த்தியா? நீதான் நம்பாம நின்னுக்கிட்டு இருந்தே. அப்பா தைலம்னா சும்மாவா?

— ...பார்த்தேன்டா.

— அப்பா? என்ன, சந்தோஷத்துல பேச்சே வரலையா?

— சௌ யிங்.

— சொல்லுய்யா.

— அந்த ஆபீஸ் பூட்டியிருப்பாங்களா?

— எந்த ஆபீஸ்? ...இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாங்க.

— போய்ப் போன் பண்ணு. காலையில வண்டியில இடம் வேணும்னு சொல்லு. அவன் துணிமணியையும் எடுத்து வை. கம்பளிச் சட்டையும் வை, அங்க எப்படி இருக்குமோ.

— அப்பா? என்னாச்சுப்பா? எரியுதுன்னுதானே சொன்னேன்? நல்லா எரியுதுன்னுதானே சொன்னேன்?

— சொன்னேடா, ராசா. நான் இன்னும் மூடியே திறக்கலடா.